ஜப்பான் பெட்டியின் அடியில் பூசிய தார்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.

அன்பு மச்சான் பஸ்லானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கூடப்பிறந்த ராத்தா பரீதாவும் எங்கள் மகள் அஸ்மியாவும் அல்லாஹ்வின் கிருபையால் நல்ல சுகம். எனக்கு மட்டும் பிறஷர். டோஹா வெயிலில் நீங்கள் வாடிவிடாமல் இருக்க துஆச் செய்துகொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போனில் கதைத்தால் உங்கள் ராத்தாவின் காதில் விழும் என்பதால்தான் கடிதம்.

அஸ்மியாவுக்குக் கிண்ணியாவில் சம்பந்தம் பேசியிருப்பது நீங்கள் அறிந்ததே. நம் வழக்கப்படி பெண்ணுக்குக் கொடுக்கும் வீட்டைப் பார்க்க, மாப்பிள்ளை அர்ஷாக்கின் வாப்பா றம்ஸான் ஹாஜியார் வந்தார். அறைகளைப் பார்த்தார், குசினியைப் பார்த்தார், கிணற்றைக்கூட எட்டிப் பார்த்தார், எல்லாம் நல்லம் என்றார். நான் மூச்சு விடப் போகையில் விறாந்தையில் நிற்கும் என் பழைய விளையாட்டுப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டார். நான் முன்பு நடத்திய கூல் பாரில் கப்பல்காரர்கள் காசு போட்டு விண்கலம் சுட்டு விளையாடிய அதே ஆளுயரப் பெட்டிதான்.

"இது எந்த நாட்டுச் சாமான்?" என்றார்.

"ஜப்பான், ஹாஜியார். கம்பனியில இருந்து கப்பல்ல நேரா வந்து இறங்கினது."

ஜப்பான் என்றது எனக்கு விற்ற தரகர். நேராக வந்து இறங்கியது என் சொந்தச் சரக்கு. ஹாஜியாரின் முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது. "வடிவாத் தெரியுமா? எதுக்கும் பாத்துச் சொல்லுங்க," என்றார். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"நீங்க அளக்கிறது அவருக்கு விளங்கிட்டு," என்றாள் உங்கள் ராத்தா. "பெட்டிக்கே பொய் சொல்ற மனிசன் பிள்ளையப் பத்திச் சொன்னது மட்டும் மெய்யா எண்டு கேப்பாங்க. சம்பந்தம் குழம்பினா நீங்கதான் பொறுப்பு." அஸ்மியா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று தொடக்கம் பெட்டி பிறந்த ஊரைத் தேடி அலைகிறேன். பெயர்த்தகடு இருக்கும் என்று மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன், தகடு வரவில்லை, சிவப்புச் சாயம்தான் வந்தது, அது கலியாணத்துக்கென்று அடித்த புதுச் சுவரில் தெறித்து, சுவர் இப்போது மாடு அறுத்த இடம் மாதிரி இருக்கிறது. துறைமுகத்தில் கிறேன் ஓட்டி ஓய்வு பெற்ற தம்பிராசா அண்ணனை ஓர்ஸ் ஹில்லில் இருந்து கூட்டி வந்தேன், அவர் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "பாரத்தைப் பாத்தா இங்கிலாந்து, மணத்தைப் பாத்தா எனக்குச் சொல்ல ஏலாது," என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவருக்குத் தைலம் தடவி அனுப்பிவிட்டு நான் தனியே பெட்டியைச் சரித்தேன், அது என் கால் விரலில் விழுந்தது, கத்திக்கொண்டே குனிந்து பார்த்தால், என்ன சொல்ல, பலகை பொருத்திய இடமெல்லாம் பஞ்சு அடைத்து, அடிப்பாகம் முழுக்கத் தார்! நம்மட கரையில் தோணிக்குச் செய்கிற அதே வேலை. கம்பனிக்காரன் ஜப்பானில் இருந்து கொண்டு விளையாட்டுப் பெட்டிக்குத் தண்ணி புகும் என்று பயப்படுவானா? எங்கேயோ தோணி கட்டுகிறவன், கைப்பழக்கத்தில் பூசிவிட்டான்.

ஆகவே மச்சான், நீங்கள் பெயர்ப்பலகை அடிக்கும் கடையில்தானே வேலை செய்கிறீர்கள். ஜப்பான் எழுத்தில் ஒரு சின்னத் தகடு அடித்து, கொஞ்சம் துருப்பிடிக்க வைத்து, வருகிற ஆளிடம் கொடுத்தனுப்புங்கள். ஒரு பிள்ளையின் வாழ்வு உங்கள் கையில்.

உங்கள் தொழிலிலும் ஆயுளிலும் அல்லாஹ் பரக்கத்துச் செய்யட்டும். வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
கால்விரல் வீங்கிய மச்சான்,
லாபிர்

பி.கு: கடிதத்தை ஒட்டும் நேரம் ஹாஜியார் வாசலில் வந்து நின்றார். சரிந்து கிடந்த பெட்டியின் தாரைக் கண்டவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்டுபுடிச்சிட்டீங்களா? இது நாங்க தோணி கட்டுற எங்கட வாடியில செஞ்சது. கப்பல்ல கழிச்ச மிஷினை உள்ள வெச்சு, ஜப்பான் எண்டு தரகருக்கு வித்தனான். அதை இந்த வீட்டுல கண்டதில இருந்து எனக்கு நித்திரை இல்ல. கள்ளன்ட குடும்பம் எண்டு சம்பந்தத்தை விட்டுப்போடாதீங்க!" என்று அழாக்குறையாகச் சொன்னார். பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டேன். நிக்காஹ் நாளும் குறித்தாயிற்று. தகடு வேண்டாம். ஆனாலும் மச்சான், இப்படிப் பொய் சொல்லி விற்றவரின் குடும்பத்தில் நம் பிள்ளையைக் கொடுக்கலாமா என்று மனம் அடித்துக்கொள்கிறது. அர்ஷாக்கும் டோஹாவில்தானே இருக்கிறார், குணம் எப்படி என்று இரகசியமாக விசாரித்து எழுதுங்கள். நான் தகடு கேட்டதை மட்டும் அவரிடம் வாய்விட்டுவிடாதீர்கள்.