வாவியில் இறால் இல்லாத நாள்

அஸீமாவுக்கு ஒரே பயம். காதியாருக்கு முன்னால் வாயைத் திறந்தால் எல்லாம் பிழையாகத்தான் வரும். எட்டாம் வகுப்போடு நின்றவள். கறிக்கு உப்புக் கூடிவிட்டதா என்று கேட்டாலே பதறுவாள். காதி நீதிமன்றத்திலோ சட்டத்தரணி பேசக் கூடாது. அவரவர் கதையை அவரவர் வாயாலேயே சொல்ல வேண்டும்.

அந்தத் தைரியத்தில்தான் அவளுக்குத் தலாக் சொன்ன றிஸ்லான் மனுக் கொடுத்திருந்தான். இரண்டு பிள்ளைகளுக்கும் கொடுக்கிற தாபரிப்புப் பணத்தைப் பாதியாக்க வேண்டுமாம். பாதியானால் மகளின் ரியூசன் நிற்கும். மகனின் இழுப்புக்கு வாங்கும் மருந்தும் நிற்கும். அது அவனுக்கும் தெரியும். ஆனால் அவன் வாய் அப்படி. வாங்காத நகையைக் கூடக் கழுத்தில் போட்டுக் காட்டும் வாய். அந்த வாயை நம்பித்தான் அவள் கெட்டாள்.

யோசித்து யோசித்து, கடைசியில் ஆயிஷா உம்மாவின் வீட்டுக்குப் போனாள். றிஸ்லான் புதிதாகக் கலியாணம் முடித்த நஸ்ஹாவின் தாய். ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்குத்தான் சீதனம். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறுவான்.

“உம்மா, நாளைக்கு உங்கட மருமகன் என்னைக் காதியாரிட்ட நிப்பாட்டப் போறார். எனக்கு ஆளில்ல. பெரியாக்கள் ஒராள் பக்கத்தில இருந்தா மனசுக்குத் தெம்பு.”

“எங்கட மருமகனோட பேசி வெல்ல உன்னால ஏலுமா புள்ள?” ஆயிஷா உம்மா சிரித்தாள். “வாறன். வந்து பாக்கத்தானே வேணும்.”

என்ன வழக்கென்று அவள் கேட்கவில்லை. அஸீமாவும் சொல்லவில்லை.

மறுநாள் றிஸ்லான் வந்த கோலம்! வெளுத்த சாரன். தெறி கழன்ற சட்டை. இறால் ஏற்றும் கூலர் வண்டியை இரண்டு ஒழுங்கை தள்ளி விட்டுவிட்டு, செருப்பையும் அதற்குள்ளேயே கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு வந்து நின்றான். பெண்கள் பக்கம் அஸீமாவுக்கு அருகில் யார் இருக்கிறார் என்று திரும்பியும் பார்க்கவில்லை.

“காதியார், வாவியில இறாலே இல்ல. கடன்பட்டுத்தான் சோறு. நான் என்னத்தக் குடுக்க?”

“யா அல்லாஹ்! அப்ப முந்தாநாள் கொழும்புக்கு ஏத்தினது என்ன மருமகன்?”

றிஸ்லான் திரும்பினான்.

“மாமி... நீங்களா?”

“நான்தான். எங்க செருப்பு? மாங்கேணியில தோணி, கொழும்பில கடை எண்டு சொல்லித்தானே எண்ட புள்ளய முடிச்சீங்க? அதெல்லாம் பொய்யா?”

“பொய்யில்ல மாமி.”

“அப்ப எனக்கிட்டச் சொல்றது பொய்யா?” காதியார் பேனையைக் கீழே வைத்தார். “எது பொய் எண்டு ஆறுதலாச் சொல்லுங்க தம்பி.”

சட்டத்தரணி ஒருவர் இருந்திருந்தால் இருமியாவது சமாளித்திருப்பார். றிஸ்லான் காதியாரைப் பார்த்தான். மாமியைப் பார்த்தான். காதியார் போடுவது தாபரிப்பு. மாமி போடுவது வீட்டுக் கேற்றுக்குப் பூட்டு.

“மாமி சொல்றதுதான் சரி காதியார். யாவாரம் நல்லா இரிக்கி.”

“அப்படியெண்டா தாபரிப்பக் கூட்டித் தரலாமே?” காதியார் கேட்டார்.

“தரலாம்...”

ஆயிஷா உம்மா பெருமையோடு சுற்றிவரப் பார்த்தாள்.

“நீங்க ஏதும் சொல்லணுமா மகள்?” என்றார் காதியார்.

அஸீமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலைத் தாண்டியதும் இந்த வாய் வேறு கதை சொல்லும். ஒருநாள் இதே கதிரையில் நஸ்ஹாவும் வந்து இருப்பாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முதன்முறையாக வாயைத் திறந்தாள்.

“காச அவர் எண்ட கையில தர வேணாம் காதியார். மாசாமாசம் அவர்ட மாமிக்கிட்டக் குடுக்கட்டும். நான் உம்மாட்டயே வாங்கிக்கொள்றன்.”