ஏழு மேடும் ஒரு பீரோவும்

மச்சானுடைய பீரோவை இனி ஜென்மத்துக்கும் தொடுவதில்லை என்று மேட்டுக்குடி சபதம் எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை.

மேட்டுக்குடி என்றதும் பணக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். தொல்லியல் அலுவலகத்தில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் அது. விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துத் துழாவி, ஆதிகாலத்தில் இறந்தவர்களைப் புதைத்த ஈமமேடு எங்கே இருக்கிறது என்று தேடுவது அவர் வேலை. பன்னிரண்டு வருஷமாகத் தேடுகிறார். 'ஈமமேடாக இருக்கலாம்' என்று எழுதுவார். போய்ப் பார்த்தால் குப்பைமேடாக இருக்கும்.

மனைவியின் அண்ணனோ சட்டை மாற்றுகிற மாதிரி வீடு மாற்றுகிறவர். ஆறு வருஷத்தில் நாலு வீடு. நாலு தடவையும் இரும்பு பீரோவின் அடிப்பக்கம் மேட்டுக்குடிக்குத்தான். ஐந்தாவது தடவை, வருகிற ஞாயிறு.

சாயங்காலம் ஒரு படத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தார்.

"ஞாயித்துக்கிழமை நான் வர முடியாது. வயல்ல ஏழு வட்டம் தெரியுது பார். செத்தவங்களைப் புதைச்ச மேடா இருக்கலாம். காலைல நிழல் நீளமா விழும்போது நேர்ல போய்ப் பார்க்கணும்."

வட்டங்கள் பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் பொய்.

"இருக்கலாமா, இருக்கா?" என்றாள் மனைவி.

"இருக்கலாம்."

"உங்களைப் பத்திக் கல்யாணத் தரகர் சொன்னதும் அதேதான். கெட்டிக்காரரா இருக்கலாம்னாரு." படத்தைத் தலைகீழாகத் திருப்பினாள். "இப்ப பள்ளமால்ல தெரியுது?"

"தப்பாப் பிடிச்சா அப்படித்தான் தெரியும். நிழல் நம்ம பக்கம் விழற மாதிரி பிடிக்கணும்."

"நீங்க பிடிச்சா மேடு, நான் பிடிச்சா பள்ளம். சரிதான்." பூதக்கண்ணாடியை வாங்கிப் படத்தின் ஓரத்தில் வைத்துப் பார்த்தாள். "இந்த மாடி வீடு யாரோடது?"

"மேட்டைக் காட்டினா வீட்டைப் பார்க்கிறியே!"

அவள் அந்த வீட்டை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தாள். பிறகு, "தொழில்தான் முக்கியம். போயிட்டு வாங்க. வண்டிக்கு நானே சொல்லிடறேன்" என்றாள்.

இவ்வளவு சுலபமாகவா! மேட்டுக்குடி அன்று சீட்டியடித்துக்கொண்டே குளித்தார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு வண்டி வந்தது. லாரி. மேலே பீரோ. பீரோவுக்குப் பக்கத்தில் மச்சானும் அவர் மனைவியும்.

"ஏறுங்க மாப்ளே! உங்க மேட்டுக்கு எதிர்த்த வீடுதான் நம்ம புது வீடு. தங்கச்சி படத்துலயே அடையாளம் கண்டுபிடிச்சிருச்சு!"

மனைவியோடு ஏறினார். வேறென்ன செய்வார்?

இரண்டாவது மாடி. முப்பத்திரண்டு படி. இருபதாவது படியில் மூச்சு வாங்க நின்றவர், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். இளவெயிலில் நீள நீள நிழல். ஒன்று, இரண்டு... ஏழு. கச்சிதமான வட்டம், ஒவ்வொன்றையும் சுற்றி அகழி. குப்பை இப்படிக் குவியாது. பன்னிரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தார். பீரோவின் மறுபக்கத்திலிருந்து மச்சான் அலறினார்.

சத்தம் கேட்டு அண்ணியோடு ஓடிவந்த மனைவி ஜன்னலைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, அண்ணிக்கும் கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்களேன். பாவம், அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

கேட்டதுதான் தாமதம். மேட்டுக்குடி கையை நீட்டி ஆரம்பித்துவிட்டார். "அக்கா, ஒவ்வொரு மேட்டுக்கு அடியிலயும் ஒரு ஆள் படுத்திருக்கான். கூடவே பானை, கத்தி எல்லாம் வச்சுப் புதைச்சிருப்பாங்க. உங்க படுக்கையறை ஜன்னலைத் திறந்தா நேரா அவன் தலைமாடு!"

அண்ணியின் முகம் வெளுத்தது. "சுடுகாட்டுக்கு எதிர்லயா என்னைக் குடிவைக்கப் பார்த்தீங்க?" என்று மச்சானைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி. விறுவிறுவென்று இறங்கிப்போய் லாரியில் உட்கார்ந்துகொண்டாள். "ஆயிரக்கணக்கான வருஷம் ஆச்சு அக்கா, ஆவியெல்லாம் எப்பவோ ஆவியாப் போயிருக்கும்" என்று மேட்டுக்குடி எவ்வளவோ கெஞ்சினார். அசையவில்லை.

பீரோ ஏறின இருபது படியும் இறங்கியது. அடிப்பக்கம் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"இப்ப எங்க போறதும்மா?" என்று நடுத்தெருவில் நின்று மச்சான் கேட்டார்.

"நம்ம வீட்டு மாடி ரூம் சும்மாத்தானே கிடக்கு? வாங்கண்ணா" என்றாள் மனைவி. "நேத்தே கழுவி விட்டுட்டேன்."