எனக்குப் புற்றுநோய் இல்லை, மச்சான்

மதிப்பிற்குரிய மைத்துனர் தம்புசாமி அவர்களுக்கு,

பிரிக்பீல்ட்ஸிலிருந்து சிவநேசன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் தங்கை லோகேஸ்வரியும் நானும் நலம். இதை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பதால்தான் இக்கடிதம். நேற்று கிள்ளானிலிருந்து அழைத்து, "மாப்ளே, தங்கச்சிக்குத்தான் இப்படின்னா இப்ப நீங்களுமா?" என்று நீங்கள் அழுதீர்கள். வாட்ஸப்பில் விளக்கினால் கைதவறிக் குடும்பக் குழுவில் விழுந்துவிடும் என்று பயந்து தாளில் எழுதுகிறேன். எனக்குப் புற்றுநோய் இல்லை. கல்யாண வீட்டில் உங்களிடம் அப்படிச் சொன்ன, எங்கள் யோகா வகுப்பு வள்ளியம்மா பொய் சொல்லவும் இல்லை.

இரண்டாவது கீமோவுக்குப் பிறகு லோகேஸ்வரி, "போதுங்க, இனிமே நான் ஆஸ்பத்திரிக்கு வரல" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தது உங்களுக்குத் தெரியும். அப்போது ஆஸ்பத்திரித் தாதி ஒருவர், நோயாளிகளுக்கும் கூட இருப்பவர்களுக்கும் சேர்த்து சனிக்கிழமைகளில் யோகா வகுப்பு நடப்பதாகச் சொன்னார். கெஞ்சி அழைத்துப் போனேன். நானோ அந்த வாரம்தான் பத்துமலை முருகன் கோயிலில் அவளுக்காக மொட்டை போட்டிருந்தேன். என் சமையலையே நான் சாப்பிட்டு வந்ததால் சட்டை தோளில் தொங்கியது. அவளோ மருந்தில் முகம் உப்பி, புது விக் வைத்து, உதட்டுச்சாயமும் பூசியிருந்தாள். உள்ளே நுழைந்ததும், கணவரைக் கூட்டிவரும் இந்த வள்ளியம்மா என் கையைப் பிடித்து, "பயப்படாதீங்கண்ணே, எல்லாம் சரியாயிரும் லா" என்றார். டீச்சர் சுபா பாய் விரித்து என்னைப் படுக்கவைத்து, முழங்காலுக்கடியில் தலையணை வைத்து, போர்வையும் போர்த்திவிட்டார். நோயாளி நானில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "பேசாதீங்க அங்கிள், மூச்சை மட்டும் விடுங்க" என்றார். டீச்சர் சொன்னால் கீழ்ப்படிவது என் பழைய வியாதி. லோகேஸ்வரியாவது திருத்துவாள் என்று பார்த்தால், அவள் என் மொட்டையைத் தடவிக்கொடுத்து, "இவர் ரொம்ப பலவீனம் மிஸ்" என்கிறாள்! பதில் யோசிப்பதற்குள் தூங்கிவிட்டேன். குறட்டையும் விட்டேனாம்.

நோயில்லாதவள் என்று நினைத்து அவளை வளைய நிமிரவிட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்றுதான் எனக்குப் பயம். ஆனால் டீச்சருக்கு என்ன ஞானமோ, அவளை நாற்காலியில் உட்காரவைத்தே மெதுவாக மூச்சுப்பயிற்சி செய்யவிடுகிறார். ஊசி ஏறும் கையை உயர்த்தவும் விடுவதில்லை. அன்றிலிருந்து வீட்டில் அதிகாரம் மாறிவிட்டது. "தண்ணி குடிங்க, கூன் போடாதீங்க, போய்ப் படுங்க" என்று ஒரே உத்தரவு. மூன்றாவது கீமோவுக்கு அவளே கிளம்பி நின்று, "சீக்கிரம் வாங்க, சனிக்கிழமைக்குள்ள நான் தெம்பாகணும். இல்லாட்டி உங்களை வகுப்புக்கு யாரு கூட்டிட்டுப் போறது?" என்றாள். இதற்கு மேல் வகுப்பில் உண்மையை எப்படிச் சொல்வேன் மச்சான்? வள்ளியம்மா கஞ்சி கொண்டுவருகிறார், மற்றவர்கள் பப்பாளி தருகிறார்கள், கூச்சத்தோடு எல்லாவற்றையும் சாப்பிட்டு எனக்குச் சதை போட்டுவிட்டது. போன வாரம் அதற்கு வகுப்பே கைதட்டியது. முடி முளைக்கத் தொடங்கியதும், மனச்சாட்சி குத்தக் குத்த, மறுபடி மழித்துக்கொண்டேன். செய்வது சரிதானா என்று தினமும் யோசிக்கிறேன்; யோசிக்கும்போதே "போய்ப் படுங்க" என்று குரல் வருகிறது.

ஆகவே நேற்று நீங்கள் சொன்னபடி வரும் சனிக்கிழமை வகுப்புக்கு வந்து உண்மையை உடைத்துவிடாதீர்கள். இன்னும் இரண்டு கீமோ இருக்கிறது. உண்மை வெளியே வந்தால் அவள் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். அதை என்னால் இன்னொருமுறை பார்க்க முடியாது.

அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள். எல்லாரும் மூச்சை நன்றாக இழுத்து நிதானமாக விட்டு நீடூழி வாழ வேண்டுகிறேன்.

அன்புள்ள,
சிவநேசன்

பி.கு.: உறையில் போடுவதற்குள் லோகேஸ்வரி படித்துவிட்டாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். முதல் வகுப்புக்கு முந்தின நாளே டீச்சருக்குப் போன் போட்டு எல்லாம் சொல்லி ஏற்பாடு செய்தது அவள்தானாம். "எனக்கு நோவு, டாக்டர் பாக்குறாரு. உங்களுக்குப் பயம், அதை யாரு பாக்குறது? ராத்திரியெல்லாம் தூங்காம என் மூச்சையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க. உங்களைப் படுக்கவைக்க எனக்கு வேற வழி தெரியல" என்றாள். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிட்டு, சனிக்கிழமை தாராளமாக வாருங்கள். நேற்று தொலைபேசியில் நீங்கள் அழுததை அவளும் கேட்டிருக்கிறாள். உங்களுக்கும் ஒரு பாய் விரிக்கச் சொல்லிவிட்டாளாம்.