ஓர்லின் வேண்டாமென்ற காப்பீடு

"கம்பெனி இன்ஷூரன்ஸ் எனக்கு வேண்டவே வேண்டாம்!"

விஸ்கான்சினில் ஒரு சீஸ் ஆலையில் வேலை பார்க்கும் ஓர்லின், இரவுச் சாப்பாட்டின்போது முள்கரண்டியை உயர்த்திச் சபதம் செய்தார். "அரசாங்க உதவியோட வெளில வாங்கிக்கறேன்."

உண்மைக் காரணம் வேறு. கம்பெனிக் காப்பீட்டில் சேர்ந்தால் ஒரு நர்ஸ் ஆலைக்கே வந்து நெஞ்சைச் சோதிப்பார். இது நவம்பர் மாதம்; மரத்துப் பரணில் காத்திருந்து மான் வேட்டையாடுவதுதான் ஓர்லினுக்கு உயிர். இனி மரத்தில் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டால்?

மனைவி லவோனுக்கு வேறு கவலை. காரிலிருந்து இறங்கி, போன வாரம் விழுந்த முதல் பனியில் நாலடி நடந்து வாசலுக்கு வருவதற்குள் இந்த மனிதருக்கு மூச்சு வாங்குகிறது.

"அரசாங்கம் உங்களுக்கு உதவாதுங்க."

"ஏன்? நான் வரி கட்டலையா?"

"கட்டுப்படியாகிற விலைல நல்ல இன்ஷூரன்ஸ் தர்றேன்னு கம்பெனி சொன்னாலே போதும். நீங்க எடுத்தாலும் எடுக்காட்டாலும் உதவி கிடையாது. மறைச்சு வாங்கினா வரி கட்டறப்போ திருப்பிக் கேப்பாங்க."

"தர்றேன்னு சொல்லவே இல்லேன்னா?"

"அப்ப கிடைக்கலாம்."

லவோன் இதைச் சொல்லியிருக்க வேண்டாம். மறுநாள் காலை ஓர்லின் முதலாளி ஹாக்ஸ்டெட் முன்னால் நின்றார்.

"ஐயா, தயவுசெஞ்சு எனக்கு இன்ஷூரன்ஸ் தர்றேன்னு சொல்லாதீங்க."

கூடுதலாகக் கேட்டவர்களை ஹாக்ஸ்டெட் பார்த்திருக்கிறார். தராதே என்று கெஞ்சியவரை இன்றுதான் பார்க்கிறார்.

"முழுநேர ஆளுக்குத் தந்தே ஆகணும்யா. வாரத்துல மூணு நாள் மட்டும் வந்தியானா தர வேண்டாம். என்ன சொல்றே?"

ஓர்லின் மிதந்துகொண்டே வீடு வந்தார். வேட்டைக்கு வாரம் இரண்டு நாள் கூடுதல்! சம்பளம் குறையும் என்பது ஞாபகம் வந்தது. கூடவே லவோனின் கோபமும் ஞாபகம் வந்தது.

சேதியைக் கேட்ட லவோனோ கையைத் தட்டினாள். "ரொம்ப நல்லதாப் போச்சு! அந்த ரெண்டு நாளும் டெல்லா அக்காவை இங்க வரச் சொல்லிடறேன். சீட்டாடத் துணையில்லேன்னு புலம்பிட்டிருக்கா."

மைத்துனி டெல்லா சீட்டைக் கலைக்கத் தொடங்கினால் தன் மூன்று அறுவை சிகிச்சைகளையும் தையல் தையலாக விவரிப்பாள்.

"ரெண்டு நாளுமா?"

"காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும்."

மறுநாள் ஆலை திறக்கும் முன்பே ஓர்லின் வாசலில் நின்றார். முழு நேர வேலை, முழுக் காப்பீடு, இரண்டுக்கும் சரி சொல்லிவிட்டார்.

புதுக் காப்பீடு ஜனவரியில் தொடங்கியதும் நர்ஸ் வந்தார். நெஞ்சில் கருவியை வைத்தவர் நகரவே இல்லை. நேராக மருத்துவமனைக்கு அனுப்பினார். இதயக் குழாயில் அடைப்பு. நல்ல வேளை, சரியான நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். அடைப்பை நீக்கினார்கள். செலவில் பெரும்பகுதியைக் காப்பீடு ஏற்றுக்கொண்டது.

வீடு திரும்பும்போது, காரை ஓட்டிய லவோனின் தோளில் ஓர்லின் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"உனக்கு நன்றி சொல்லணும், லவோன். டெல்லாவுக்கும்தான். அவ மட்டும் வர்றேன்னு சொல்லியிருக்காட்டா நான் இன்னிக்கு உயிரோட இல்லே. இப்பவே போய்க் கையைப் பிடிச்சு நன்றி சொல்லிட்டு வந்துடலாமா?"

"இப்பவேவா? ஏங்க, அவதான் வருஷா வருஷம் முதல் பனி விழறதுக்கு முன்னாடியே வெயிலைத் தேடி அரிசோனாவுக்குப் போய், ஏப்ரல்லதானே திரும்பி வர்றா!"