படம் வேணாம் டாக்டர்

ஊவா மாகாணத்திலேயே பிள்ளைகளை அவரளவுக்கு முறைத்துப் பார்த்த மனிதர் வேறு கிடையாது. பதுளைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அவசரப் பிரிவு டாக்டர், யாழ்ப்பாணத்துக்காரர். தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் அவருக்கு வைத்த பெயர் ‘படம் வேணாம் டாக்டர்’. நான் அங்கே கிளார்க்காக இருந்தேன்.

இரண்டாயிரங்களின் ஆரம்பம். டவுனுக்கு ஸ்கேன் மெஷின் வந்த புதிது. லயத்து வீட்டுப் படியில் வழுக்கிய பிள்ளை, கொய்யா மரத்திலிருந்து விழுந்த பிள்ளை, அண்ணனிடம் விறகுக் கட்டையால் அடி வாங்கிய பிள்ளை என்று யாரைக் கொண்டுவந்தாலும் பெற்றோர் கேட்பது ஸ்கேன்தான். பிள்ளையோ பிஸ்கட் தின்றுகொண்டு நிற்கும். டாக்டர் தலையைத் தடவுவார். கண்ணில் டார்ச் அடிப்பார். மயங்கியதா, வாந்தி எடுத்ததா என்று தாயிடமும் தகப்பனிடமும் தனித்தனியாக விசாரிப்பார். அப்புறம் படம் வேணாம் என்பார். தேவையில்லாமல் பிஞ்சுத் தலைக்குள் கதிர்வீச்சைப் பாய்ச்சக்கூடாது என்று விளக்குவார். கேட்கத்தான் ஆளில்லை. படம் எடுக்காதவரெல்லாம் ஒரு டாக்டரா என்று ஒரு கங்காணி தொழிற்சங்கம் வரைக்கும் போய் முறையிட்டார்.

ஆனால் வேணாம் என்று சொல்லிவிட்டு நகரமாட்டார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்துவிடுவார். டியூட்டி முடிந்தாலும் எழும்பமாட்டார். அந்தப் பார்வைக்குப் பயந்தே பாதிப் பிள்ளைகளுக்கு வலி போய்விடுகிறது என்பார் நர்ஸ்.

ஒருநாள் பூனாகலைத் தோட்டப் பக்கமிருந்து ஒரு சிறுமி வந்தாள். விழுந்த அடையாளமே தெரியாமல் சிரித்தாள். தகப்பன் ஸ்கேனுக்குச் சண்டை பிடித்தார். டாக்டர் வழக்கம்போல மறுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பின்னேரம் அவள் பேச்சு குறைந்தது. திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாள். அடுத்த நிமிடம் அவளைத் தூக்கிக்கொண்டு டாக்டரே ஆம்புலன்சுக்கு ஓடினார். அவருடைய ஒரு செருப்பு வராந்தாவில் கிடந்தது. ஸ்கேனில் மண்டைக்குள் ரத்தக் கசிவு. கண்டிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

மகளோடு திரும்பி வந்த தகப்பனுக்கு அழுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

“படம் வேணாம்னுதானேய்யா சொன்னீங்க?”

“அப்ப தேவையில்லை, பிறகு தேவைப்பட்டது. அது எப்ப எண்டு தெரியத்தானே பாத்துக்கொண்டிருந்தனான்.”

பிறகு என் மகளே ஊஞ்சலில் இருந்து விழுந்தாள். ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும் என்று நின்றாள் என் மனைவி. டாக்டர் ஸ்டூலை இழுத்தார். மத்தியானம் போய்ப் பின்னேரமும் ஆனது. என் மகள்தான் கேட்டாள்:

“ஒங்கள வீட்டுல தேட மாட்டாங்களா டாக்டர்?”

“எல்லாரும் கனடாவில, பிள்ளை. நான் போனாலும் நானேதான் கதவைத் திறக்கோணும்.”

பொழுது சாய்ந்ததும், ஒன்றுமில்லை, கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். நாங்கள் எழுந்தோம். அவர் எழும்பவில்லை. வெறும் கட்டிலைப் பார்த்தபடி இருந்தார். காலையிலிருந்து அவரோடு முகம் கொடுத்துப் பேசாத என் மனைவி வாசலில் நின்று திரும்பினாள்.

“நீங்களும் வாங்க டாக்டர். ரொட்டி சுட்டுத் தர்றேன்.”

வந்தார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான் என்றானது. அவர் மாற்றலாகிப் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. இன்றும் சில ஞாயிறுகளில் மனைவி உலையில் ஒரு ஆளுக்கு அரிசி கூடப் போட்டுவிடுகிறாள்.