கீபோர்டைத் தொடாத தலைவன்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் மகளும் உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோமா என்பதைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். மாமாவின் முழங்கால் வலி குறைந்ததா? இதை மின்னஞ்சலிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் எங்கள் பல்கலைக்கழக மின்னஞ்சலைக் கட்டி மேய்ப்பவன் நானே என்பதால், அதை நம்பி வீட்டு விஷயம் எழுத எனக்குத் துணிவில்லை.

என்னை இந்தத் தலைமைப் பயிற்சியில் தள்ளிவிட்டவள் நீ. "சர்வர் ரூமுக்குள்ளயே கிடந்தா அங்கேயே நரைச்சுப் போயிடுவே. உங்க இயக்குநர் ஓய்வு பெறப் போறார்ல? அந்த நாற்காலி வேணும்னா பயிற்சிக்குப் போ, சான்றிதழ் வாங்கு" என்று போனில் என் காதைத் தின்றாய். நாற்காலி மேல் எனக்கு ஆசை உண்டு, மறைக்கவில்லை. இதுவரை கணினிப் பிரிவுக்கு இயக்குநராக வந்தவர்கள் எல்லோரும் வெளியாட்கள். வந்தவர் ஒவ்வொருவருக்கும் எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது வரை சொல்லிக் கொடுத்துவிட்டு, பிறகு அவரிடமே விடுப்புக்குக் கையெழுத்து வாங்கியவன் நான். இந்த முறையும் வெளியாள் வந்தால் வேலையை விட்டுவிடுவது என்று மனைவியிடம் சொல்லியே வைத்திருக்கிறேன். அவள் அதற்குச் சிரித்தாள். அது தனிக் கதை.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். உயர்கல்வி நிறுவனங்களின் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கான வழிகாட்டல் மற்றும் தலைமை மேம்பாட்டுத் திட்டம் என்று பெயர். பெயர்ப் பலகை இரண்டு ஜன்னல்களை மறைத்தது. முதல் நாளே எங்களை வட்டமாக உட்கார வைத்து, ஆளுக்கொரு கலர் பேனா கொடுத்து, "உங்க தலைமைய ஒரு படமா வரைங்க" என்றார் பயிற்சியாளர் அம்மையார். நான் எனக்குத் தெரிந்த ஒரே படத்தை, எந்தக் கேபிள் எங்கே போகிறது என்ற படத்தை, வரைந்தேன். அம்மையார் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்குள்ள நிறைய சிக்கல் இருக்கு" என்று கண் கலங்கினார். ஒதுக்கிய நிதியைச் செலவழித்தே ஆக வேண்டும் என்பதால் எங்கள் பிரிவில் என்னோடு இன்னும் மூன்று பேரையும் அனுப்பியிருந்தார்கள்: டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி, நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர், மாணவர்களின் போனுக்குப் பதில் சொல்பவர். ஆக, பிரிவில் எல்லோரும் தலைவர்கள். தொண்டன் என்று சொல்லிக்கொள்ள வாசலில் இருக்கும் காவலாளிதான் மிச்சம்.

ஆளுக்கொரு வழிகாட்டி உண்டு. எனக்கு வாய்த்தவர் பக்கத்துக் கல்லூரியின் கணினிப் பிரிவுத் தலைவர். நான் அவருக்குக் கேள்வியார் என்று பெயர் வைத்திருக்கிறேன், ஏனென்றால் வழிகாட்டி பதில் சொல்லக் கூடாது, கேள்விதான் கேட்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. மனிதர் விதியை உயிராகப் பிடித்துக்கொண்டார். "சார், கழிவறை எந்தப் பக்கம்?" என்று கேட்டதற்கு, "எங்க இருந்தா உங்களுக்கு வசதின்னு நினைக்கிறீங்க?" என்றார் அக்கா. பயிற்சி முடியும் வரை நான் கீபோர்டைத் தொடக் கூடாது, எல்லாவற்றையும் மற்றவரிடம் ஒப்படைத்து அவர்களை வளர்க்க வேண்டும் என்பது அவர் எனக்குக் கொடுத்த வீட்டுப்பாடம். இது போதாதென்று, கற்றுக்கொண்டதை வாராவாரம் கேமரா முன் உட்கார்ந்து பேசி, அந்த வீடியோவைச் சேர்த்துவைக்க வேண்டும். வீடியோ இருந்தால்தான் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால்தான் நேர்காணல். அத்தனை கல்லூரிக்காரர்களின் வீடியோக்களையும் எந்த சர்வரில் வைப்பது என்பதைக் கூட்டு முடிவாக எடுக்கச் சொன்னார்கள். வட்டமாக உட்கார்ந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்துவிட்டு, மாணவர்கள் பருவத்துக்குப் பருவம் தங்கள் பாடங்களைத் தேர்ந்து பதிவு செய்கிற எங்கள் பாடப்பதிவு சர்வரில் வைப்பது என்று முடிவெடுத்தோம். கண்ணைத் திறந்துகொண்டு எடுத்திருந்தால் அந்த முடிவு வந்திருக்காது.

அந்த சர்வர் நிரம்பப் போகிறது என்ற எச்சரிக்கை ஒழுங்காகத்தான் எனக்கு வந்தது. பழைய தம்பியாக இருந்தால் அங்கேயே சரி செய்துவிட்டு வேறு வேலை பார்த்திருப்பேன். இப்போது நான் தலைவன் அல்லவா? "இது உங்கள் வளர்ச்சிக்கான வாய்ப்பு" என்று எழுதி டேட்டாபேஸ் பெண்மணிக்கு அனுப்பினேன். அவரும் அதே வகுப்பில் படித்தவர். அதே வரியோடு நெட்வொர்க்காரருக்குத் தள்ளினார். அவர் போன்காரருக்குத் தள்ளினார். போன்காரர், கீழிருந்தும் ஒருவரை வளர்க்கலாம் என்று எங்கேயோ கேட்டிருக்கிறார், எனக்கே திருப்பி அனுப்பினார். என் வளர்ச்சியில் அக்கறை காட்டினாரே என்று நான் நன்றி சொல்லிப் பதில் போட்டேன். சர்வரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாடப்பதிவு தொடங்கிய காலையில், மாணவர்கள் மொத்தமாக உள்ளே நுழைந்ததும், சர்வர் படுத்துவிட்டது. போன்கள் அலறின. நான் வீட்டுப்பாடத்தின்படி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். டேட்டாபேஸ் பெண்மணி, "சார், என்ன பண்ணலாம்?" என்றார். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றேன். அவர் நெட்வொர்க்காரரிடம் திரும்பி, "இதுல உங்களுக்குத் தெரியிற சவால் என்ன?" என்றார். அவர் நெஞ்சில் கைவைத்து, "இந்த நேரத்துல நாம என்ன உணர்றோம்?" என்றார். போன்காரர் ஒரு மாணவியிடம், "வெற்றின்னா உங்களுக்கு அது எப்படி இருக்கும்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "என் பாடம் பதிவானா போதும் சார்" என்று அந்தப் பெண் அழுதது எனக்கே கேட்டது. வேறு வழியில்லாமல் கேள்வியாருக்குப் போன் போட்டேன். போன பருவத்தில் அவர் கல்லூரியிலும் இதே கோளாறு வந்தது, சரி செய்தது அவரே. "சார், உங்களுக்கு இது தெரியும். தயவு செஞ்சு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கெஞ்சினேன். "பதில் உங்களுக்குள்ளயே இருக்கு. அதைத் தேட விடாம உங்களைத் தடுக்கிறது எது?" என்றார். நீங்கதான்யா என்று வாய் வரை வந்ததை மென்று முழுங்கினேன்.

அப்போது பதிவாளர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். முகம் சிவந்திருந்தது. "யாருய்யா இங்க பொறுப்பு?" என்றார். நாங்கள் நால்வரும் ஒரே குரலில், "எல்லாரும்தான் சார்" என்றோம். அந்த மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்த இடத்தில்தான் ரோஷம் வந்தது அக்கா. டேட்டாபேஸ் பெண்மணியை எழுப்பிவிட்டு அவர் இருக்கையில் உட்கார்ந்தேன். வீடியோ வீடியோவாகச் சர்வர் புடைத்துக் கிடந்தது. கலர் பேனா, கண்ணீர், கற்றல் பயணம் என்று ஒவ்வொருவரும் பேசி வைத்த அத்தனையையும், என்னுடையதையும் சேர்த்து, ஒட்டுமொத்தமாக அழித்தேன். பதிவு நடக்க ஆரம்பித்தது. "இதுதான்னு எனக்கு அப்பவே தெரியும் சார். நீங்களா கண்டுபிடிப்பீங்கன்னு காத்திருந்தேன்" என்றார் டேட்டாபேஸ் பெண்மணி. அவரையும் அழிக்க ஒரு வழி இருந்தால் அழித்திருப்பேன்.

ஆக, சான்றிதழ் போச்சு. எனக்கு மட்டுமல்ல, அத்தனை பேருக்கும் போச்சு. நாற்காலிக்கு இந்த முறையும் எவனாவது ஒரு வெளியாள் வருவான். நான் கதவு காட்ட மாட்டேன். ராஜினாமாக் கடிதத்தை எழுதிச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். உனக்கும் ஒன்று சொல்கிறேன்: தலைமையைக் கற்றுத் தருகிறேன் என்று யாராவது உன் வீட்டு வாசலுக்கு வந்தால் நாயை அவிழ்த்துவிடு. மாமாவை மருந்தை ஒழுங்காகச் சாப்பிடச் சொல். உன் பிள்ளைகள் நல்ல படிப்பும், சொன்னதைச் செய்கிற மேலதிகாரியும் கிடைத்து நன்றாக இருக்கட்டும். பெரியவள் நீ, உன் ஆசி எங்களுக்கு எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்டுக் கெட்ட தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பதிவாளர் கூப்பிட்டனுப்பினார். வீடியோக்கள் போன விஷயம் வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று, அன்று காலை நடந்தது முழுவதும் தாங்களே திட்டமிட்டு வைத்த செய்முறைத் தேர்வு என்று பயிற்சிக்காரர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் தேர்ச்சி, நான் முதலிடம். நேர்காணல்கூட இல்லை, நாற்காலி எனக்குத்தான் அக்கா! ஒரே நிபந்தனை, இந்தத் திட்டத்தை இனி ஆண்டுதோறும் நான் தலைமையேற்று நடத்த வேண்டும். "அருமையான திட்டம் சார், என்னைச் செதுக்கினதே அதுதான்" என்றேன். நாக்கு கொஞ்சம்கூடக் குழறவில்லை. பிறகு சர்வர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதேன். இத்தனை வருஷம் அந்த நாற்காலியை எவ்வளவு விரும்பியிருக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. வேறு கடிதம் எழுத நேரமில்லை, தபால்காரர் வந்து நிற்கிறார். இந்தக் கடிதத்தின் முன்பக்கங்களை எழுதியவனை எனக்குத் தெரியாது.