கூட்டுப்பண்ணைப் பேருரை

ஒலிவாங்கியைக் கண்டால் தமிழனுக்குப் புத்தி வேலை செய்யாது. நான் ஒலிவாங்கி இல்லாமலே அந்த நிலையை அடைந்தவன்.

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னில் ரஷ்ய மொழி படித்துக்கொண்டிருந்தேன். மொஸ்கோ என்னை எடுக்கவில்லை, மெல்பேர்னில் ஒரு பல்கலைக்கழகம் புலமைப்பரிசில் தந்தது, அவ்வளவுதான் காரணம். வகுப்பில் மற்ற எட்டுப் பேரும் தத்தித் தத்திப் பேச, நான் மட்டும் கொட்டித் தள்ளினேன். கொழும்பில் மாலை வகுப்பில் படித்த காலத்தில் மலிவாகக் கிடைத்த சோவியத் சஞ்சிகைகளை வரிக்கு வரி மனப்பாடம் செய்திருந்தேன். மற்றவர்கள் அந்த வழுவழுப்பான தாளைக் கிழித்துக் கொப்பிக்கு உறை போட்டார்கள். அவர்கள்தான் புத்திசாலிகள்.

எங்கள் ஆசிரியை நீனா செர்கேயெவ்னா. சின்ன வயதில் குடும்பத்தோடு ரஷ்யாவை விட்டுச் சீனா வழியாக ஓடிவந்தவர் என்று முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். யாரிடமிருந்து ஓடினார் என்று மூளையுள்ள எவனும் யோசித்திருப்பான். நான் அந்த வசனத்தில் வினைச்சொற்களைக் குறித்துக்கொண்டேன்.

ஆண்டிறுதி வாய்மொழிப் பரீட்சையை அவர் தன் வீட்டு மதிய விருந்தில் வைத்தார். "மேசையில் ஒவ்வொருவரும் எழுந்து வாழ்த்துச் சொல்வது எங்கள் வழக்கம். அதற்குத்தான் புள்ளி. இரண்டு நிமிடம் போதும்" என்றார். (இரண்டு நிமிடத்தில் நாங்கள் 'தலைவர் அவர்களே' என்பதையே முடிப்பதில்லை.) அதில் தவறினால் புலமைப்பரிசில் நின்றுவிடும், ஊருக்குக் கப்பலேற வேண்டியதுதான். அங்கே அப்பா நான் தூதுவராகவே ஆகிவிட்டதாகச் சந்தி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

ஆகவே ஒரு பேருரை தயாரித்தேன். சஞ்சிகையில் கூட்டுப்பண்ணைகளைப் பற்றி நாலு பக்கக் கட்டுரை இருந்தது. நிலக்காரரை விரட்டியது, மாடுகளைப் பொதுவாக்கியது, பால் ஆறாக ஓடியது. அதை அப்படியே தூக்கினேன். பரந்தனில் பதினைந்து ஏக்கர் வயல் வைத்திருந்த என் அப்பாவிடம் யாராவது கூட்டுப்பண்ணை என்று வாய் திறந்திருந்தால் நாயை அவிழ்த்து விட்டிருப்பார். அது எனக்கு ஞாபகம் வரவில்லை. கட்டுரையில் கடினமான சொற்கள் நிறைய இருந்தன, எனக்கு அது போதும்.

துணைக்கு என் அறைத்தோழன் சிவத்தைக் கூட்டிப்போனேன். பொறியியல் படித்தவன், ரஷ்ய மொழியில் ஒரு எழுத்தும் தெரியாது, சாப்பாடு என்றதும் வந்தான். வீட்டு மூலையில் சாமிப் படத்துக்கு விளக்கு எரிந்தது. சுவரில் தாடி வைத்து, மார்பு நிறையப் பதக்கம் குத்திய ஒருவரின் படம். ஆசிரியையின் தாத்தா என்று நினைத்தேன். அது அந்த நாட்டின் கடைசி மன்னர்.

மேசையைச் சுற்றி எங்கள் வகுப்பும், ஆசிரியையின் வயதான உறவினர் சிலரும். எனக்கு நேர் எதிரே அவருடைய அண்ணன், எழுபதைத் தாண்டியவர், பெரிய கைகள். மற்றப் பிள்ளைகள் எழுந்து, "சாப்பாடு நல்லது, நீங்கள் நல்லவர், நன்றி" என்று சொல்லி உட்கார்ந்தார்கள். எனக்கு ஒரே இளக்காரம்.

நான் எழுந்தேன். கதிரையைப் பின்னுக்குத் தள்ளினேன். தொண்டையைச் செருமினேன். "தோழர்களே" என்று தொடங்கினேன்.

மேசை அமைதியானது. கட்டுண்டு போனார்கள் என்று முடிவு செய்தேன். குரலை உயர்த்தினேன். சிவம் மேசைக்கு அடியில் என் காலில் உதைத்தான். உற்சாகப்படுத்துகிறான் என்று எடுத்துக்கொண்டேன். மாடுகளைப் பொதுவாக்கிய இடம் வந்தபோது எதிரே இருந்த பெரியவர் கண்ணைத் துடைத்தார். உருகிவிட்டார். ஆகவே கட்டுரையின் அந்தப் பந்தியை முழுதாக இன்னொரு தடவை, கையை ஆட்டிச் சொன்னேன்.

முடித்ததும் கைதட்டலுக்குக் காத்து நின்றேன். (ஆம், நின்றேன்.) பெரியவர் எழுந்தார். எனக்கு விளங்கவேண்டும் என்று மிக மெதுவாகச் சொன்னார்.

"எங்களிடம் பன்னிரண்டு பசு இருந்தது. எல்லாவற்றுக்கும் அம்மா பெயர் வைத்திருந்தாள். அவற்றைக் கொண்டுபோன அன்றைக்கே அப்பாவையும் கொண்டுபோனார்கள்."

அவர் உள்ளே போய்விட்டார். ஒரு ரஷ்யர் பேசியதில் ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது அதுதான் முதல் தடவை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். மனப்பாடம் செய்திராத ஒரு வார்த்தையும் வரவில்லை.

நீனா செர்கேயெவ்னா என் மேலங்கியை எடுத்து வந்து கையில் தந்தார். "இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. புள்ளி போடுவேன், அது என் தொழில். இனி இந்த வாசலில் உன்னைக் காணக்கூடாது."

சிவம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தான். டிராமில் நடந்ததையெல்லாம் அவனுக்கு மொழிபெயர்த்தேன். கடைசியில் நான் கேட்ட கேள்வி இதுதான், எழுதவே கூசுகிறது: "அப்ப நான் பாஸ்தானே?"

"ஓம், பாஸ். அந்த மனுசன் அழுதுகொண்டு எழும்பிப் போனார். நீ பாஸ்" என்றான். இறங்கும் வரைக்கும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவனே பிறகு என் கலியாண வீட்டில் இந்தக் கதையை எல்லாருக்கும் சொல்லித் தொலைத்தான். அன்றிலிருந்து நான் எங்காவது பேச எழுந்தால் என் மனைவி, "ஆராவது அழுகினமோ எண்டு பாத்துப் பேசுங்கோ" என்பாள். பிள்ளைகள் அதையே ஆங்கிலத்தில் சொல்வார்கள்.

மகளின் கலியாணம் மெல்பேர்னிலேயே, ஸ்பிரிங்வேலில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நன்றியுரைக்கு மனைவி மூன்று வரி எழுதித் தந்திருந்தாள். முதல் வரியை வாசித்துவிட்டு நிமிர்ந்தேன். முன்வரிசையில் ஒரு வயதானவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். அப்படியே இறங்கி வந்துவிட்டேன். அவருக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை செய்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது என்று பிறகு சொன்னார்கள். சம்பந்தி வீட்டாரின் பெயர் இரண்டாவது வரியில் இருந்தது. அவர்கள் இன்றைக்கும் என்னோடு கதைப்பதில்லை.